நம் மன்றத்தின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டம் பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். போதிய எண்ணிக்கை சேராததால், விதிப்படி அரை மணி நேரம் தள்ளிவைத்து இப்போது தொடங்குகிறோம். சென்ற ஆண்டும் இப்படித்தான் ஆனது என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இந்த ஆண்டு செயற்குழு மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். ரத்த தான முகாம் ஒன்று, கண் பரிசோதனை முகாம் ஒன்று. மே மாதம் வேன் வைத்து ஏற்காடு போய் வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் யாருக்கும் தலைசுற்றல் வரவில்லை. பொங்கலுக்கு உறியடி, கோலப் போட்டி, சாக்கு ஓட்டம் நடந்தன. கேரம் போட்டி மட்டும் பலகை சரியில்லாததால் பாதியில் நின்றது. புதுப் பலகை வாங்கியாகிவிட்டது.

இனி, பிள்ளைகள் கோல்ஃப் பழக மன்றத்தின் பின்பக்கம் போட்ட திடல். ஆண்டு முழுக்க இதைப் பற்றித்தான் பேச்சு, சில நேரம் நான் இல்லாத இடத்திலும் பேச்சு. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் கடைசிச் சுற்று. பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக் பதக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று விடியற்காலையிலேயே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். ஆனால் அந்த ஆட்டத்தின் விதி அன்றுதான் எனக்கு ஓரளவு பிடிபட்டது. அவருடைய அம்மாதான் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தார். பந்தைக் குழியில் போட மட்டையால் எத்தனை அடி அடித்தார் என்ற கணக்கில், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் நான்காம் இடம். அன்று மாலை நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வென்றார், ஊரே கொண்டாடியது, காலையில் நடந்தது பலருக்கு மறந்துபோனது. எனக்கு மறக்கவில்லை. நான்கு நாள் அந்தப் பெண் பதற்றமில்லாமல் நடந்த நடையை நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அதைத் தொடர்ந்து படிக்கப் படிக்க ரோஸ் ஜாங் என்ற பெயர் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த கோல்ஃப் வீராங்கனை. 2003-இல் பிறந்தவர். கல்லூரி அணிக்காக மொத்தம் 20 போட்டிகள் ஆடி 12-இல் முதலிடம் பிடித்திருக்கிறார். புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் படித்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். அவர் அங்கே வென்றது 11. அந்த நாட்டில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் பெரிய போட்டியான என்சிஏஏவில் பெண்கள் தனிநபர் பட்டத்தை 2022, 2023 என்று இரண்டு முறை வென்றார். இரண்டு முறை வென்ற முதல் பெண் அவர்தான். 2022-இல் அணிப் பட்டமும் ஸ்டான்ஃபோர்டுக்கே. அமெச்சூர், அதாவது தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்களின் உலகத் தரவரிசையில் 141 வாரம் முதலிடத்தில் இருந்திருக்கிறார்.

இதெல்லாம் எண்கள். என் மனதில் தங்கியது அமெரிக்காவின் அகஸ்டா கோல்ஃப் மைதானம். 2021-இல் அங்கே நடந்த அகஸ்டா நேஷனல் மகளிர் அமெச்சூர் போட்டியில், கடைசிச் சுற்றின் 13-ஆவது குழியில் மூன்று அடி கூடுதலாக அடித்து, கைக்கு வந்த கோப்பையை விட்டார். 2023-இல் அதே போட்டிக்குத் திரும்பினார். முதல் சுற்று 66, அடுத்தது 65. கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் முன்னால் இருப்பவர். அங்கே 18 குழிக்கும் சேர்த்து நிர்ணயித்த கணக்கு 72, அதற்குப் பார் என்று பெயர். அப்படி ஆடியவர் கடைசி நாள் 76 அடித்தார். ஐந்து அடி முன்னிலை முழுக்கக் கரைந்து, இன்னொரு வீராங்கனையோடு சமநிலைக்கு வந்துவிட்டார். முடிவைத் தீர்மானிக்கக் கூடுதல் குழிகள் ஆட வேண்டியதாயிற்று. இரண்டாவது கூடுதல் குழியில் ஜெயித்தார். நாள் முழுக்கச் சரியாக வராத கையோடு அந்தக் கடைசிக் குழி வரை பொறுமையாக நின்றாரே, அதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விரும்பினேன்.

இரண்டு மாதத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். ஆடிய முதல் போட்டியிலேயே, 2023 ஜூனில் லிபர்ட்டி நேஷனல் மைதானத்தில், பெண்கள் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான எல்பிஜிஏவின் கோப்பையை வென்றார். அறிமுகப் போட்டியிலேயே ஒரு பெண் இப்படி ஜெயித்தது 1951-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அப்புறம் ஒன்று, பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணமும் புகழும் வந்த பிறகும் அவர் ஸ்டான்ஃபோர்டு வகுப்புக்குத் திரும்பிப் போய்ப் படித்தார்.

இவரைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கூடத்தில் திரையிட்டுப் பேசுவதாக ஏற்பாடு செய்தேன். அறிவிப்புப் பலகையில் எழுதினேன், வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை போட்டேன், வீடு வீடாகவும் போனேன். நாற்காலி நாற்பது போட்டோம். வந்தவர்கள் பதினொரு பேர், அதில் ஏழு பேர் பிள்ளைகள். செயற்குழுவிலிருந்து தலைவரும் நானும் மட்டும். மற்றவர்களுக்கு வேலை இருந்திருக்கலாம். ஆனால் வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை சுண்டல் வீணாகியிருக்காது. வந்த ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் மறுநாளே திடலைப் பார்க்க வந்தார்கள் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

திடல் என்பது என்ன? முழுக் கோல்ஃப் மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நமக்கு அது ஆகாது, நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு 72 முறை அடிப்பது என்று வைத்தால் அதில் 36, அதாவது குழிக்கு இரண்டு வீதம், பச்சைப் புல்தரையில் பந்தை உருட்டிக் குழியில் போடும் அடிக்கென்று ஒதுக்கிய கணக்கு. பட்டிங் என்பது இதுதான். ஆட்டத்தில் பாதி. அதற்கு ஒரு வீட்டு மனை அளவு சமதரை இருந்தால் போதும். அது நம் கட்டடத்தின் பின்னால் முள்ளும் உடைந்த ஓடுமாகக் கிடந்தது.

புல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. வெப்பமான ஊர்களில் கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா புல் என்று போடுகிறார்களே, அது வேறொன்றும் இல்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். அந்த இனத்திலிருந்தே அவர்கள் நயமான ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். கன்னங்குறிச்சி ஏரிப் பக்கமிருந்து நானும் இரண்டு மாணவர்களும் சாக்கில் அருகு பெயர்த்து வந்து, செம்மண்ணில் சாணி எரு கலந்து நட்டோம். புரட்டாசி மழை கைகொடுத்தது. பெரிய மைதானங்களில் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவார்கள். நம் கைத்தள்ளு வெட்டும் இயந்திரம் அரை அங்குலத்துக்குக் கீழே போகாது. பந்து மெதுவாகத்தான் உருளும், ஆனாலும் நேராக உருளும்.

குழியின் அளவு நாலே கால் அங்குலம், உலகம் முழுக்க ஒரே அளவுதான். தண்ணீர்க் குழாய்க் கடையில் நான்கு அங்குல பிவிசி குழாய்த் துண்டு வாங்கி, வாய்ப்பக்கத்தைச் சூடுகாட்டி விரித்து, அளவுகோல் வைத்துச் சரிபார்த்து மூன்று இடத்தில் பதித்தேன். பட்டர் என்னும் மட்டைகள் நான்கு, பழையவை, கோவையிலிருந்து வாங்கினோம். பந்துகளும் அங்கே பயன்படுத்தியவைதான்.

இப்போது ஞாயிறு காலை எட்டு ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், கோரிமேட்டிலிருந்து பாட்டியோடு பஸ்ஸில் வருகிறது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலில் நின்றுதான் அடிக்கும். தையில் ஒருநாள் சிறிய போட்டி வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் அட்டையில் நான்கு அடி என்று எழுதினேன். அது அருகில் வந்து, "சார், நாலு இல்லீங்க, அஞ்சு. குனியும்போது மட்டை பந்துல பட்டுடுச்சு, நீங்க பார்க்கல" என்றது. நான் வேண்டுமென்று அடித்தால்தான் கணக்கு, தெரியாமல் பட்டதற்குப் புல்தரையில் அபராதம் கிடையாது, பந்தை இருந்த இடத்தில் திருப்பி வைத்தால் போதும் என்று விதியைச் சொன்னேன். "வைக்கலீங்க சார், அங்கிருந்தே அடிச்சுட்டேன்" என்று சொல்லி நின்றது. விதிப்படி அதற்கு இரண்டு அடி கூடுதல், ஐந்துகூட இல்லை, ஆறு. அந்த இரண்டு அடியால் முதல் பரிசு வேறு பிள்ளைக்குப் போனது. முப்பது வருடம் மைதானத்தில் நின்றிருக்கிறேன், தன் மேல் தானே புள்ளி குறைத்துக்கொண்ட பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். அந்த அட்டையைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், வெளியே போகும்போது பாருங்கள்.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். திடலால் ஷட்டில் கோர்ட் சுருங்கிவிட்டது என்று எழுத்து மூலம் புகார் வந்தது. தலைவர் முன்னிலையில் நாடா வைத்து அளந்தோம். 44 அடிக்கு 20 அடி, ஒரு அங்குலமும் குறையவில்லை. இது பணக்காரர் ஆட்டம், நமக்கெதற்கு என்று இன்னொருவர் சொன்னார். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து போன மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். அவர்கள் தொடங்கிய இடத்தில் என்ன வசதி இருந்தது? யாருடைய ஆட்டம் என்பதை அதை ஆடிப் பார்க்கும் பிள்ளை முடிவு செய்யட்டும்.

வேலிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை மனு கொடுத்தோம். பதில் இல்லை. பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெண் பிள்ளைகளை ஞாயிறு அனுப்பக் கேட்டபோது, பரீட்சை நேரம் என்றார்கள். அது ஜூலை மாதம்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கடன் எதுவும் இல்லை. திடலுக்கு மன்ற நிதியிலிருந்து எடுத்தது சிறு தொகை, அதற்குத் தீர்மானம் உண்டு. மீதி நன்கொடையாகவும் என் கைப்பணமாகவும் வந்தது. என் பணத்தை மன்றம் திருப்பித் தர வேண்டியதில்லை, அதைக் கணக்கில் கடனாக எழுதவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சந்தா விஷயம்தான் வருத்தமாக இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். சிலர் மூன்றாவது ஆண்டாகப் பாக்கி. இவர்களில் யாரும் கட்ட முடியாத நிலையில் இல்லை. கட்ட முடியாத இரண்டு பேர் என்னிடம் நேரில் சொன்னார்கள், செயற்குழு அவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன். "அடுத்த வாரம் தந்துடறேன் சார்" என்ற பதிலை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. திடலைப் பற்றிக் குறை சொன்ன கடிதத்தில் கையெழுத்திட்ட ஐந்து பேரில் நான்கு பேருக்குச் சந்தா பாக்கி. பெயர்களை இங்கே படிக்க எனக்கு மனமில்லை. அடுத்த மாதம் முதல் தேதி பாக்கிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கும், அதற்குள் பெயர் குறைந்தால் மிகவும் மகிழ்வேன்.

கூடத்தை இலவசமாக வெள்ளையடித்துத் தந்தவருக்கும், மழையில் ஓடு மாற்றித் தந்தவருக்கும், முகாம்களுக்கு வந்த மருத்துவர்களுக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், நீர்மோருக்குத் தயிர் தந்த கடைக்காரருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி. ஒவ்வொரு ஞாயிறும் வந்து நிற்கும் தலைவருக்குத் தனி நன்றி.

வரும் ஆண்டு இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் அருகு காயாமல் இருக்க ஆழ்துளைக் கிணற்றிலிருந்து திடலுக்கு ஒரு குழாய் இழுக்க வேண்டும். இப்போது குடத்தில்தான் ஊற்றுகிறோம். அப்புறம், இந்தப் பிள்ளைகளைக் கோவைக்கோ ஊட்டிக்கோ கூட்டிப்போய் உண்மையான 18 குழி மைதானம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை காட்ட வேண்டும். வேன் வாடகை, சாப்பாடு, அவ்வளவுதான். வேன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம்மிடையே மூன்று பேர் இருக்கிறார்கள்.

பொறுப்புகளுக்கான தேர்தல் இந்தக் கூட்டத்திலேயே நடக்கிறது. ஆறு ஆண்டாகச் செயலாளராக இருக்கிறேன். இளைஞர்கள் யாராவது முன்வந்தால் சாவி, நிகழ்ச்சிக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன், பிள்ளைகளை நடுவில் விட முடியாது.

ஞாயிறு காலை ஆறரை மணி முதல் ஒன்பது வரை திடலில்தான் இருப்பேன். ரசீதுப் புத்தகம் என் பையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்