கனமான விஷயம் என்று மேலே தள்ளாதீர்கள்: பிலடெல்பியா குவேக்கர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தை, அதாவது அந்த வட்டாரத்துக் குவேக்கர் கிறிஸ்தவச் சபைகளின் அமைப்பைச் சேர்ந்த நண்பர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் சங்கத்து ஆள் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்ச் தெருவில் இருக்கும் உங்கள் கூட்ட வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவன், அவ்வளவுதான். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை. நீள நீளமான மர பெஞ்சுகளில் கொஞ்சம் பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு வயதான அம்மா எழுந்து, சிறையில் இருக்கும் ஒரு பையனைப் பற்றி இரண்டே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் பதில் சொல்லவில்லை, ஆனால் அத்தனை பேரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதர் பேசுவதை அப்படிக் கேட்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன், மனசில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

1688 ஏப்ரலில் ஜெர்மன்டவுனில் நாலு பேர், பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸும் மற்ற மூவரும், அடிமை முறையை எதிர்த்து உங்களுக்கு ஒரு மனு எழுதினார்கள். உங்களை இப்படிப் பிடித்து விற்றால் ஒத்துக்கொள்வீர்களா என்று அதில் கேட்டார்கள். அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றும் அதில் உண்டு: உங்களுக்கு இந்தக் கறுப்பின மக்களை அடிமையாக வைத்துக்கொள்ள எவ்வளவு உரிமை இருக்கிறதோ, தங்கள் விடுதலைக்காகச் சண்டை போட இவர்களுக்கும் அவ்வளவு உரிமை இல்லையா? சண்டையே கூடாது, வாளைத் தொட மாட்டோம் என்று சொன்ன உங்களிடமே கேட்ட கேள்வி அது. உங்கள் அமைப்பின் கீழ்ப்படியான மாதக் கூட்டம் படித்துவிட்டு, இது ரொம்பக் கனமான விஷயம், நாங்கள் இங்கே கைவைப்பது சரியாக இருக்காது என்று அதற்கு மேலே இருந்த காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கேயும் இது எங்களுக்குப் பெரிய பாரம் என்றுதான் சொன்னார்கள். செப்டம்பரில் பர்லிங்டனில் கூடிய ஆண்டுக் கூட்டம், இது பல இடங்களோடு சம்பந்தப்பட்டது, நாங்கள் தீர்ப்புச் சொல்வது பொருத்தமில்லை என்று மூடி வைத்தது. ஒருத்தரும் மனுவில் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தக் காகிதம் நடுவில் தொலைந்து, கிடைத்து, மறுபடி தொலைந்து, கடைசியில் 2005இல் ஆர்ச் தெருக் கட்டடத்தின் பெட்டகத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

ஐம்பது வருடம் கழித்து, 1738இல், அதே பர்லிங்டனில், அடிமை முறையை எதிர்த்த குவேக்கரான பெஞ்சமின் லே எழுந்து நின்றார். நாலடி உயரம், முதுகு வளைந்தவர், மேலங்கிக்குள் பட்டாளத்துக் கோட்டும் வாளும். உள்ளே குடைந்த ஒரு புத்தகத்தில் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பையை ஒளித்து வைத்திருந்தார். அடிமைகளை வைத்திருக்கிறவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று சொல்லி அந்தப் புத்தகத்தை வாளால் குத்தினார், பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் சாறு தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். 1758இல்தான் அடிமைகளை வாங்கி விற்கும் உறுப்பினர்கள் மேல் கைவைக்க ஆண்டுக் கூட்டம் துணிந்தது, அதற்கடுத்த வருடம் லே இறந்துவிட்டார். அடிமைகளை விடமாட்டேன் என்பவர்களை வெளியேற்றுவது என்று முடிவானது 1776இல். மனு வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 88 வருடம். அபிங்டன் மயானத்தில் லேவுக்கும் அவர் மனைவி சாராவுக்கும் 2018இல் கல் நட்டீர்கள், நல்ல காரியம்தான்.

ஓட்டெடுப்பு வேண்டாம், எல்லோர் மனசும் ஒன்றாகும்வரை காத்திருப்போம் என்ற உங்கள் முறையை நான் குறைவாக நினைக்கவில்லை. பெரும்பான்மை என்ற பெயரில் என்னென்ன நடக்கிறது என்று பார்த்தவன் நான். ஆனால் நீங்கள் காத்திருந்த அந்த 88 வருடத்தில் வெயிலில் நின்றது நீங்கள் இல்லை. காத்திருக்கச் சம்மதமா என்று அடிமைகளாக இருந்தவர்களை யாரும் கேட்கவும் இல்லை, அவர்கள் அந்த அறைக்குள்ளேயே இல்லை. பிறகு உள்ளே வந்த கறுப்பின மக்களுக்கும் தனி பெஞ்சு போட்டீர்கள். சின்ன வயதில் அம்மாவோடு ஆர்ச் தெருவுக்கு வந்த கறுப்பின ஆசிரியை சாரா மேப்ஸ் டக்ளஸ், “இந்த பெஞ்சு கறுப்பர்களுக்கு” என்று ஒரே கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டதை 1837இல் எழுதி வைத்திருக்கிறார். யாராவது அங்கே உட்காரப் போகும்போதெல்லாம் அந்த வாக்கியம் ஒருமுறை. பக்கத்தில் ஒரு குழந்தை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. நான் வந்த அன்றைக்கு இது தெரிந்திருந்தால் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேனோ.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரியில், வழிபாட்டு இடங்களுக்குள் குடியேற்றத் துறை நுழையாமல் தடுத்திருந்த வழிகாட்டுதலை அரசு தூக்கி எறிந்தபோது, ஒரே வாரத்தில் நீங்கள் வழக்குப் போட்டீர்கள். வழக்கில் முதல் பெயர் உங்களுடையது. பிப்ரவரியில் மேரிலாந்து நீதிபதி உங்கள் கூட்ட வீடுகளுக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது: இவர்களால் ஒரு வாரத்தில் முடிவெடுக்க முடியும்! உங்கள் கதவை யாரோ தட்டப்போகிறார்கள் என்றால் முடிகிறது.

அதே வேகத்தை இன்னொரு விஷயத்திலும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்தப் பழைய மனு பிறந்த ஜெர்மன்டவுனிலேயே, உங்கள் சபைகளில் ஒன்றான கிரீன் தெருக் கூட்டம் வருடத்துக்கு 50,000 டாலர் வீதம் பத்து வருடத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீட்டுப் பத்திரத்தைப் பேரன் பேத்திகள் பெயருக்கு மாற்ற முடியாமல் வீட்டையே இழக்கும் நிலையில் இருக்கிற கறுப்பினக் குடும்பங்களுக்குச் சட்ட உதவி. ஒரு சின்னக் கூட்டம், மேலே அனுப்பிக் காத்திருக்காமல், தன் தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பணத்தை எடுத்து வைத்தது. மற்ற கூட்டங்களும் தங்கள் சொத்துக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எவ்வளவு யாருக்குப் போக வேண்டும் என்று பேச ஆரம்பியுங்கள்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இப்படி ஒரு காகிதம் வரும்போது, அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால் அனுப்புங்கள், ஆனால் எந்தத் தேதிக்குள் பதில் வர வேண்டும் என்பதையும் எழுத்தர் அதே குறிப்பில் எழுதட்டும். அந்தத் தேதி சரியா என்று முதலில் கேட்க வேண்டியது அந்தக் காகிதம் யாரைப் பற்றியதோ அவர்களிடம்.

அன்புடன்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களோடு உட்கார்ந்தவன்