சத்தம் என்று தள்ளிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் இசைப் பக்கத்தில், ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து மெல்ல ஒலிப்பது), நொய்ஸ் (இரைச்சலையே இசையாக்குவது) என்ற பெயர்களில் வரும் இசைத்தொகுப்புகளைச் சாடி ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பாட்டு இல்லை, தாளம் இல்லை, பழுதான வானொலிப் பெட்டியின் இரைச்சலைப் பதிந்து காசாக்குகிறார்கள் என்பது அவர் கட்சி. காசைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். இந்த இசையால் மாடி வீடு கட்டியவர்கள் மிகக் குறைவு. மற்றதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அவர் உதாரணம் காட்டியது அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975இல் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்'. இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள், முழுவதும் கிட்டாரும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று சீண்டி எழுப்பும் ஊளை. கடைசிப் பக்கத்தின் முடிவில் ஊசி ஓடும் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடியிருப்பதால், ஊசியைத் தூக்கும்வரை ஓயாது. நானும் அதை முழுதாகக் கேட்டதில்லை. அதற்காக ஒரு மிளகாயைக் கடித்துவிட்டுத் தோட்டத்தையே பழிக்கலாமா?

ஆம்பியன்ட் என்ற பெயரைப் பரப்பிய ஆங்கிலேயர் பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் எயார்போர்ட்ஸ்' 1970களின் இறுதியில் வந்தது. அதன் இரண்டாவது பகுதியில் சில குரல்கள் ஆளுக்கொரு சுரத்தை 'ஆ' என்று நீட்டுகின்றன, வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனி ஒலிநாடா வளையத்தில் சுற்றுகிறது. ஒன்று 23½ விநாடிக்கு ஒரு தடவை திரும்பி வரும், இன்னொன்று 25 விநாடியைத் தாண்டும், மற்றொன்று கிட்டத்தட்ட 30. நாடா அவ்வளவு நீளம் என்பதால் ஸ்டூடியோவில் கிடந்த கதிரைகளைச் சுற்றி ஓட விட்டிருக்கிறார். நீளங்கள் ஒத்துப்போகாததால் குரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் சந்திக்கின்றன. அடுத்து எது எதனோடு சேரும் என்று காது தானாகவே காத்திருக்கத் தொடங்கிவிடும். நாதஸ்வரக்காரரின் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் மூச்சு விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பதைக் கோயில் வீதிகளில் கேட்டு வளர்ந்த நமக்கு (இப்போது அந்த வேலையைச் சுருதிப் பெட்டி பார்க்கிறது) இது அந்நியமாகத் தோன்றக் காரணமே இல்லை. அங்கே ராகத்துக்குப் பின்னால் நின்றது, இங்கே முன்னால் வந்து அமர்ந்திருக்கிறது.

எனக்கு மிக நெருக்கமானது அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கியின் 'டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்'. 1980களில் நாடாவில் பதிந்து வைத்திருந்த சிறு துண்டுகளை 2001இல் டிஜிட்டலுக்கு மாற்ற முற்பட்டபோது, சுற்றச் சுற்ற நாடாவின் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை; உதிர்வதையும் சேர்த்துப் பதிந்தார். முதல் துண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரே சிறு மெட்டு, ஓரம் மங்கி, நடுவில் ஓட்டை விழுந்து, எலும்பாகிப் போகிறது. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்றுபவரின் கை களைத்தால் சுசீலாவின் குரல் கனத்து இழுபடும்; ஆள் மாறிச் சுற்றினால் மீண்டும் நிமிரும். அந்த இழுபறியோடுதான் பாட்டை நேசித்தோம். கெட்டுப்போன ஒலி என்று ஒருவரும் எழுந்து போகவில்லை.

ரயிலையும் சொல்ல வேண்டும். 1948இல் பாரிஸில் பியேர் ஷேஃபெர் என்பவர் ரயில் எஞ்சின்களின் ஓசையைப் பதிந்து, துண்டு துண்டாகக் கோத்து ஓர் இசையாக்கம் செய்தார். இத்துறையின் வேர்களில் ஒன்று அது. 1990இல் நின்ற யாழ்தேவி 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது கடவைகளில் கூடி நின்ற சனத்துக்கு, தண்டவாளம் எழுப்பியது வெறும் சத்தமாகவா கேட்டது?

உண்மையான இரைச்சல் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு நான்கு திசைக்கும் கட்டிய ஒலிபெருக்கிகளில் பக்திப் பாடல் கிழிகிறது. அதை நிறுத்தும் பொத்தான் என் கையில் இல்லை. நொய்ஸ் தொகுப்பு எவ்வளவு கடூரமானதாக இருந்தாலும், ஒலியளவைக் குறைக்கும் உரிமையைக் கேட்பவனிடமே விட்டுவைக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சினிமாப் பாடல்களுக்கு ஒதுக்கும் இடத்தில் மாதம் ஒரு தடவை அரைப் பத்தியை இத்தகைய தொகுப்புகளுக்குத் தாருங்கள். எந்த ஒலியளவில், எந்த நேரத்தில் கேட்கலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஈனோவை உரக்க வைத்தால் பாதி போய்விடும், பசின்ஸ்கியைக் கைபேசியின் சின்னஞ்சிறு ஒலிவாயில் கேட்பதில் பயனில்லை. ஈனோவில் தொடங்கலாம். ஜப்பானிய நொய்ஸ் கலைஞர் மெர்ஸ்பௌவின் காதைக் கிழிக்கும் 'பல்ஸ் டீமன்' மட்டும் நான்காம் ஐந்தாம் மாதம்வரை பொறுக்கட்டும். இல்லாவிட்டால் இன்னொரு கண்டனக் கடிதம் உங்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொக்குவில்.