இரவு இரண்டு மணிக்கு எழுதுகிறேன்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஏப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாய். சளி என்றேன். அது பொய். நீ ஏழு மாதம் சுமந்துகொண்டு மெல்போர்னில் வேலைக்கும் போய் வருகிறாய், இந்த நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். ஆனால் பின்னால் தெரிந்தால் மறைத்ததுதான் உனக்கு அதிகம் வலிக்கும். அதனால் முழுசாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் மைலோமா. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் என்று உண்டு. கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் செய்வது அதன் வேலை. அதில் ஒன்று கெட்டு, அதே மாதிரி பெருகி, எதற்கும் உதவாத ஒரே புரதத்தை ரத்தத்தில் கொட்டுகிறது. நல்ல ரத்தம் ஊற மஜ்ஜையில் இடமில்லை, சோகை வருகிறது. எலும்பு அரித்து, அந்தக் கால்சியம் ரத்தத்தில் ஏறுகிறது. சிறுநீரகம் அடைபடுகிறது. முதுகு வலி, அசதி, ஓயாத தாகம் எல்லாம் எனக்கு வேறு வேறு தொந்தரவாகத் தெரிந்தன. எல்லாம் ஒன்றேதான்.

பங்குனியில் கடையில் சர்க்கரை மூட்டை இறக்கும்போது பிடித்த வலி என்றே இருந்துவிட்டேன். ஆனி வரைக்கும் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. அடைபட்டுக்கொண்டிருந்த சிறுநீரகத்தை அந்த மாத்திரைகள் இன்னும் கெடுத்துவிட்டன. ஒரு இளம் டாக்டரம்மாதான், "அறுபது வயசுக்கு மேல முதுகு வலி, கூடவே ரத்தமும் குறைஞ்சு கிரியாட்டினினும் ஏறியிருக்கு, இதைச் சும்மா விடக்கூடாதுங்க" என்று புரத எலெக்ட்ரோபோரெசிஸ், அதாவது ரத்தத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை, எழுதிக் கொடுத்தார். அப்போது ஹீமோகுளோபின் 7.9. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அந்தக் கிரியாட்டினின் 2.3. அப்புறம் மஜ்ஜை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். உன் மாமனாரும் முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அவரையும் ஹீமோகுளோபின், கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்.

லேப் சீட்டில் 'பென்ஸ் ஜோன்ஸ் புரதம்' என்று இருந்தது. யார் என்று தேடினேன். 1845ல் லண்டனில் என்னைப் போல ஒரு வியாபாரிக்கு இந்த நோய். அவருடைய சிறுநீரைச் சூடாக்கினால் கலங்கும், கொதிக்க விட்டால் தெளியும், ஆறினால் மறுபடி கலங்கும். அதை ஆராய்ந்த மருத்துவர் பெயர்தான் அது. அந்த வியாபாரி 1846 ஜனவரி முதல் தேதியே இறந்துபோனார். அவருக்குக் கொடுக்க அன்றைக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது.

வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, வயிற்றுத் தோலுக்கடியில் போர்ட்டிசோமிப் ஊசி. அதோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. 21 நாள் லெனலிடோமைடு கேப்சூல், பிறகு ஒரு வாரம் ஓய்வு. சிறுநீரகத்தைப் பார்த்து அதன் அளவைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அக்கி வராமலிருக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று. எலும்புக்கு ஊசி போடுமுன் பல் டாக்டரிடம் காட்டி வரச் சொன்னார்கள், அந்த மருந்தோடு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். நீ அனுப்பிய கிரீன் டீயை நிறுத்திவிட்டேன். போர்ட்டிசோமிப் ஊசியின் வேலையை அது தடுக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். வருத்தப்படாதே. தண்ணீர் மட்டும் அம்மா மணிக்கு ஒரு சொம்பு நீட்டிக்கொண்டே இருக்கிறாள். கால் விரல் நுனி கொஞ்சம் மரத்திருக்கிறது, டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் பார்த்ததில் கிரியாட்டினின் 1.6க்கு இறங்கியிருக்கிறது.

லெனலிடோமைடு, 1961ல் விலக்கிய தாலிடோமைடு மருந்தின் வழியில் வந்தது. கர்ப்பிணிகள் அந்த மருந்தைச் சாப்பிட்டதால் எத்தனையோ குழந்தைகள் கை கால் இல்லாமல் பிறந்தன. அதே மருந்து இந்த நோய்க்குக் கேட்கிறது என்று 1999ல் தெரிந்தது. கர்ப்பிணிகள் இந்தக் கேப்சூலைத் தொடவே கூடாது என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் உன்னை இப்போது வராதே என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லவில்லை. அடக்கி வைக்கலாம், திரும்ப வரும், வந்தால் வேறு மருந்து உண்டு என்றார். இணையத்தில் எத்தனை வருஷம் என்று தேடாதே. அங்கே கிடைக்கும் கணக்கில் பாதி இந்த மருந்துகள் வருமுன் எழுதியவை.

அடுத்தது ஸ்டெம் செல் மாற்று. ரத்தத்தை உண்டாக்கும் என் மூல செல்லையே எடுத்து வைத்துக்கொண்டு, கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்து, மறுபடி அதையே ஏற்றுவார்கள். இரண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் 1986லிருந்து மஜ்ஜை மாற்று செய்கிறார்கள், அங்கேதான் போகப் போகிறேன். தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதுவரை இதே மருந்து ஓடட்டும், தள்ளி வைக்கலாம் என்றார்கள்.

தை என்று நான் கேட்டது உனக்காகத்தான். உனக்கு ஐப்பசியில் பிரசவம். அம்மா உன்னிடம் வந்து இருந்துவிட்டு, மார்கழிக் கடைசியில் திரும்பி வரட்டும். அவள் மாட்டேன் என்கிறாள். "உங்களை விட்டுட்டு எப்படிப் போவேன்" என்று டிக்கெட் எடுக்க விடவில்லை. அந்த மூன்று மாதம் பெரியப்பா என்னோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஊசிக்கும் அவரே கூட்டிப் போவார். நீ பேசினால்தான் அவள் கேட்பாள். நீயும் சேர்ந்து "இங்கே வேண்டாம், அப்பாகிட்டயே இரு" என்று சொல்லிவிடாதே. தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லை என்பது எனக்கு இந்த முதுகு வலியைவிடப் பெரிது.

டெக்ஸா போட்ட இரவு தூக்கமே வராது. இப்போது மணி இரண்டு, உனக்கு ஆறரை இருக்கும். செவ்வாய் இரவுகளில் நான் விழித்துத்தான் இருப்பேன். எழுந்ததும் கூப்பிடு.

அப்பா