விண்ணப்பம் விற்கும் முன் மிச்ச இடத்தைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் பள்ளிச் சேர்க்கை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, அண்ணன் தங்கைக்கு முன்னுரிமை தருவதையும் சிபாரிசு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் பல வருடம் சேர்க்கை விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கியவள் நான். அப்படித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அக்கா படிக்கும் பள்ளியில் தம்பிக்கும் இடம் கேட்பது வீட்டைச் சமாளிக்கிற கவலை. இரண்டு பள்ளி என்றால் இரண்டு வேன், இரண்டு விடுமுறைப் பட்டியல், ஒரே சனிக்கிழமையில் இரண்டு பெற்றோர் கூட்டம். வேலைக்குப் போகும் அம்மாக்களைக் கேட்டால் தெரியும். பள்ளிக்கும் இதில் ஆதாயம் உண்டு. இரண்டு பிள்ளைகள் படிக்கிற குடும்பம் சுலபத்தில் டி.சி. கேட்காது.

"அப்பா இங்கேதான் படித்தார்" என்பது வேறு சங்கதி. அதனால் யாருக்கும் ஒரு வேன் மிச்சமாவதில்லை. அப்பாவுக்கு அன்று கிடைத்த இடம் மகனுக்குப் பூர்வீகச் சொத்து மாதிரி வருகிறது, அவ்வளவுதான். டில்லியில் 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் கொண்டுவந்த நர்சரி சேர்க்கை முறையில், 100 புள்ளிகளில் பள்ளிக்கு அருகில் வசிப்பதற்கு 70, உடன்பிறந்தவர் படித்தால் 20, பெற்றோர் முன்னாள் மாணவர் என்றால் 5 என்று வைத்திருந்தார்கள். மறு வருடம் நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகளின் தன்னாட்சியைக் காரணம் காட்டி அதை ரத்து செய்துவிட்டது. சரி, போகட்டும். ஆனால் 20க்கும் 5க்கும் நடுவே அவர்கள் விட்ட இடைவெளி நியாயமானது. என்னைக் கேட்டால் அந்த 5கூட வேண்டாம்.

உடன்பிறந்தவர் யார் என்பதே எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. நம் மொழியில் பெரியப்பா மகனும் அண்ணன், சித்தி மகளும் தங்கை. 'இங்கு படிக்கும் சகோதரர்' என்ற கட்டத்தில் அப்படி எத்தனையோ அண்ணன்களைப் பார்த்தேன். பொய் என்று அடிக்கவும் கை வராது. அப்புறம் தலைமையாசிரியை 'ஒரே தாய் தந்தையின்' என்று சேர்க்கச் சொன்னார். அடுத்த வருடமே மறுமணம் செய்துகொண்ட ஒரு தம்பதி இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். அந்த வரியையும் எடுத்தோம்.

இவ்வளவு சொல்லியும், உடன்பிறந்தவர் முன்னுரிமைக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது முதல் பிள்ளையோடு வருகிறவர்கள். ஒரு கணக்குக்கு, ஒரு வகுப்பில் 40 இடம் என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீதம், அதாவது 10 இடம், நலிந்த பிரிவினருக்கு. அது நியாயமான பங்கு, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். மிச்சம் 30. தம்பி தங்கைகள் 14, ஆசிரியர்களின் பிள்ளைகள் 3, பழைய மாணவர்கள் வழியாகவும் நிர்வாகத்தின் வழியாகவும் 5 என்றால் கடைசியில் நிற்பது 8. ஆனால் விண்ணப்பம் விற்கும்போது எல்லோரும் நினைப்பது, 30 இடத்துக்குப் போட்டி என்று.

2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்த்துச் சேர்ப்பதைத் தடுக்கிறது. குலுக்கல் போன்ற முறை தவிர வேறு எப்படி ஒரு குழந்தையை இன்னொன்றுக்கு மேலாக எடுத்தாலும் அது வடிகட்டல்தான் என்கிறது. 2010 நவம்பரில் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு, அந்த 25 சதவீதம் போக மீதி இடங்களுக்குப் பள்ளிகள் நியாயமான பிரிவுகளை வகுத்துக்கொள்ளலாம் என்றது. கூடவே, அந்தக் கொள்கையை எல்லோரும் அறிய வெளியிட வேண்டும், பள்ளியின் விவரக் கையேட்டில் அச்சிட வேண்டும், தேர்வு குலுக்கலில் நடக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியைப் பள்ளிகள் நன்றாக ஞாபகம் வைத்திருக்கின்றன.

ஒரு வருடம் ஒரு பெண்மணி ஜன்னல் அருகே நின்று கேட்டார்: "எங்களுக்கு ஒரே பிள்ளைதாங்க. அது ஒரு குறையா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனை இடம் மிச்சம் என்ற தாள் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கேட்டாலும் காட்டக் கூடாது என்பது உத்தரவு. பணத்தை வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.

அந்தத் தாளைத்தான் வாசலில் ஒட்டச் சொல்கிறேன். உடன்பிறந்தவர்களுக்கு இத்தனை, ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இத்தனை, மற்றவர்களுக்கு இத்தனை என்று, விற்பனை தொடங்கும் முதல் நாள் காலையில். பிரிவுகளை வைத்துக்கொள்ளும் பள்ளிகளுக்கு எண்ணிச் சொல்வதில் என்ன கஷ்டம்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி அலுவலக ஊழியர்