ஆந்தை இருக்கட்டும், அந்தச் சின்னக் காசு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூரோ பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ‘தனித்தனி அரசுகள் கூடி ஒரே நாணயத்தை ஏற்றது இதுவே முதல்முறை’ என்ற வரிதான் இடறியது. கூடவே போட்டிருந்த படம் ஆந்தை பொறித்த கிரேக்கத்தின் 1 யூரோ. அந்த மண்ணிலேயே 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்திருக்கிறது!

கிமு 280 வாக்கில் பாட்ரே, டைமி உள்ளிட்ட நான்கு ஊர்கள் (அப்போது ஒவ்வொரு ஊரும் ஒரு தனி அரசு) அகாயக் கூட்டணி என்ற கூட்டரசை மீண்டும் தொடங்கின. அப்புறம் சிக்கியோன், கொரிந்து, மெகலோபோலிஸ் என்று கிரேக்கத்தின் தென்கோடித் தீபகற்பமான பெலோபொனேஸ் முழுக்கப் பரவியது. எல்லா ஊரும் விரும்பிச் சேர்ந்ததாகச் சொல்ல மாட்டேன். கிமு 192-ல் ஸ்பார்ட்டாவை இழுத்துப் பிடித்துத்தான் சேர்த்தார்கள்.

இவர்களுடைய அரை திராக்மா வெள்ளிக்காசு விரல் நகம் அளவுதான், எடை சுமார் 2.4 கிராம். ஒரு பக்கம் கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் ஜீயஸின் தலை. மறுபக்கம் இலைமாலைக்குள், அகாயர் என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பின்னிய முத்திரை. எந்த ஊர் அடித்தாலும் இதேதான். ஆனால் முத்திரையை ஒட்டி ஊரின் குறியும் பொடியாக இருக்கும்: பாட்ரேவுக்கு டால்ஃபின், டைமிக்கு மீன், மெகலோபோலிசுக்குப் பான் தேவனின் குழல். யூரோவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டது. இவர்கள் ஒரு மூலையிலேயே முடித்துக்கொண்டார்கள்.

ஒரே சட்டம், ஒரே எடை, ஒரே நாணயம். சுற்றி ஒரு மதில்தான் இல்லை, மற்றபடி பெலோபொனேஸ் ஏறக்குறைய ஒரே ஊர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதினார். அவர் மெகலோபோலிஸ்காரர், அப்பா இந்தக் கூட்டணிக்கே தளபதியாக இருந்தவர். பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

அப்புறம் அந்த ஆந்தை. அதை ‘ஒற்றுமைச் சின்னம்’ என்கிறார் கட்டுரையாளர். அது ஏதென்ஸ் காசின் ஆந்தை. கிமு 5-ஆம் நூற்றாண்டில் தன் பிடியிலிருந்த நகரங்கள் தன் நாணயத்தையும் எடையையும் அளவையுமே பயன்படுத்த வேண்டும் என்று ஏதென்ஸ் ஆணை போட்டது. அதைப் பொறித்த கல்வெட்டுத் துண்டுகள் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. கிமு 414-ல் அரிஸ்டோஃபனிஸ் ‘பறவைகள்’ நாடகத்தில் இப்படிப்பட்ட ஆணையைக் கிண்டலே செய்துவிட்டார். இதுவா ஒற்றுமை?

அடுத்த இதழில் அகாயக் காசின் படம் ஒன்றைப் போட முடியுமா? சற்றுப் பெரிதாகவே போடுங்கள். இல்லாவிட்டால் அந்த டால்ஃபின் கண்ணில் படாது.

– ஒரு வாசகர், கும்பகோணம்