இன்ஜினியர் மிஸ்ஸா போற மகளுக்கு வெல்டிங் பாஸ் அப்பா எழுதுறது

அன்பு மகள்,

நேத்து ராத்திரி நீ போன்ல "அப்பா, என்னைய இரும்பு உருக்கி வார்க்குற ஃபவுண்டரிலதான் போட்டிருக்காங்க, மெயின்டனன்ஸ் பக்கம்"னு சொன்னதுல இருந்து எனக்கு சரியா தூக்கம் வரல. சந்தோசம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அம்மாவுக்கு சந்தோசம் மட்டும்தான், விடிஞ்சதும் தோட்டத்து லயத்துல ஒரு வீடு விடாம போய் சொல்லிட்டு வந்துட்டா. போன்ல பேசுனா எனக்கு பாதியிலயே தொண்டை அடைச்சிடும், அதான் உக்காந்து டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்க.

பேராதனை கெம்பஸ்ல நாலு வருசம் படிச்ச புள்ளைக்கு இரும்ப பத்தி நான் என்ன சொல்லித்தர போறேன். உருகுறது எத்தனை டிகிரி, கார்பன் எவ்வளவு, எல்லாம் என்னைய விட உனக்கு நல்லா தெரியும். ஆனா நாவலப்பிட்டி பக்கம் ஒரு ஃபவுண்டரில 27 வருசம் மெயின்டனன்ஸ் வெல்டரா நின்னவன் நான், கைத்தொழில்காரன பாஸ்னுதான் கூப்புடுவாங்க, விடிய முன்ன வட்டவளை ஸ்டேசன்ல கோச்சி ஏறி ராவைக்கு வீட்டுக்கு வருவேன், நீ அப்ப தூங்கிருப்ப. அங்க ஊத்துனது எல்லாம் தேயிலை பேக்டரி சாமான்தான், ட்ரையர் அடுப்புக்கு கிரேட் பார், புல்லி, ரோலருக்கு பித்தளை பேட்டன், கன்மெட்டல் புஷ். அம்மா மலைல பறிச்ச கொழுந்து நான் ஒட்டவச்ச மெசின்லதான் சுருண்டுச்சுன்னு நெனைச்சா இப்பவும் மனசுக்கு ஒரு மாதிரி நல்லா இருக்கும்.

புரொடக்சன்ல நிக்கிற வெல்டர் ஒரே சாமானை நாள் முழுக்க ஒட்டுவான். மெயின்டனன்ஸ் வெல்டருக்கு அப்படி இல்ல, ஒடைஞ்சது எல்லாம் அவன் தலைலதான் வந்து விழும். மணல் கலக்குற மிக்சர் பிளேடு தேஞ்சு வரும், மோல்டிங் பொக்ஸ் வெடிச்சு வரும், இரும்பு உருக்குற கியூபோலா அடுப்போட தகடு வெந்து ஓட்டை விழும், அதுக்கு காத்து அடிக்கிற ப்ளோவர் பைப் கிழியும். எல்லாத்துக்கும் ஒரே சத்தம்தான், "பாஸ், சீக்கிரம்". எங்க மிக்சர்ல ஒரு பிராக்கெட் இருந்துச்சு, நானே மூணு தடவை ஒட்டிருக்கேன், மூணு தடவையும் அதே எடத்துல விட்டுச்சு. நாலாவது தடவை வெல்டிங் ரொட்டை கீழ வச்சிட்டு மெசின ஓடவிட்டு கைய வச்சு பாத்தேன், அடில பவுண்டேசன் போல்ட் ஒண்ணு லூஸ், மெசினே ஆடுது. நான் ஒட்டுனது தப்பில்ல, ஆனா ஆடுறத நிப்பாட்டாம ஒட்டுனா எப்படி நிக்கும் சொல்லு. அதனால ஒடைஞ்ச சாமானை ஒங்கிட்ட கொண்டு வந்தா, எப்ப சரியாகும்னு கேக்குறதுக்கு முன்ன ஏன் ஒடைஞ்சுச்சுன்னு கேளு மகள்.

வார்ப்பிரும்பு வெடிச்சு வந்தா வெல்டருக்கு நேரம் குடு. நான் சொல்றது சும்மா இல்ல. வெடிப்பு ரெண்டு முனைலயும் முதல்ல துளை போடணும், இல்லாட்டி சூடு பட்டதும் வெடிப்பு இன்னும் ஓடும். கிரைண்டர்ல வி மாதிரி வெட்டி, எண்ணெய் அழுக்கு எல்லாம் எரிச்சு எடுத்து, மெதுவா சூடாக்கி, நிக்கல் ரொட்ல ஒரு இஞ்சு ஒட்டணும், ஒடனே சின்ன சுத்தியலால தட்டணும், அப்புறம் வேற எடத்துல ஒரு இஞ்சு. முடிஞ்சதும் காஞ்ச சுண்ணாம்புக்குள்ளயோ சாம்பலுக்குள்ளயோ பொதைச்சு வச்சிட்டு மறுநாள்தான் எடுக்கணும். ஒட்டுற நேரம் கொஞ்சம்தான், சூடாக்குறதும் ஆறவிடுறதும்தான் வேலையே. அத தெரியாதவங்களுக்கு பாஸ் சும்மா குந்தியிருக்கிற மாதிரி தெரியும். சூடு ஆறுற நேரத்துல அந்த இரும்பு "டிக்"னு ஒரு சத்தம் போடும் பாரு, அந்த ஒரு சத்தத்துல ஒரு நாள் வேலை போயிடும். அந்த சத்தத்த கேட்டு எத்தனையோ தடவை எனக்கு கண்ணு கலங்கிருக்கு.

2022ல கரண்ட் கட் நாள்ல, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சே, ஒனக்கு ஞாபகம் இருக்கும், பாதி உருக்குறப்ப ப்ளோவர் நின்னு போச்சு, ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல, கியூபோலாக்குள்ள இரும்பு அப்படியே ஒறைஞ்சிருச்சு. காஸ்ல வெட்டி எடுன்னு மேல இருந்து சொன்னாங்க. வார்ப்பிரும்பு காஸுக்கு ஒழுங்கா வெட்டுப்படாது, உருகி வழிஞ்சு மறுபடி ஒட்டிக்கும், சொன்னேன், கேக்கல. ஒக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு வீணா போனதுக்கு அப்புறம்தான் சம்மட்டியையும் ஆப்பையும் எடுத்து ஒடைச்சோம், முழுசா ரெண்டு நாள்.

இது எல்லாம் சாமான் நட்டம், விடு. நான் சொல்ல வந்தது வேற, இத்தனை வருசமா ஒங்கிட்டயும் அம்மாகிட்டயும் முழுசா சொல்லாத கதை.

2011 மே மாசம். மழைய பத்தி ஒனக்கு சொல்லவே வேணாம், வட்டவளைல பொறந்தவ. ஃபவுண்டரி கூரைல ரெண்டு மூணு எடத்துல ஒழுக்கு. அடுப்பு பத்தவச்சாச்சு, இன்னும் அரை மணிக்குள்ள இரும்பு எறங்கும். உருகுன இரும்ப ஏந்துற லேடல நான் சுத்தி பாத்தப்ப, அத தூக்குற செயின் புளொக்ல மாட்டுற காது, அந்த வெல்டிங் ஓரத்துல தலைமயிர் மாதிரி ஒரு கோடு. விரல் நகத்தால இழுத்து பாத்தேன், நகம் மாட்டுச்சு. சுப்பவைசர்கிட்ட காட்டுனேன், அவர் மணிக்கூட்ட பாத்துட்டு "மேல ஒரு ரன் போடு பாஸ், இன்னைக்கு மட்டும் ஓடட்டும்"னு சொன்னார். எனக்கு தெரியும் மகள், அந்த வெடிப்ப முழுசா கிரைண்ட் பண்ணி எடுக்காம மேல ஒரு வரி வெல்டிங் போட்டா அது மூடி வச்ச புண்ணு மாதிரி. லோ ஹைட்ரஜன் ரொட் வேற, பல்பு போட்ட பெட்டிலதான் வச்சிருந்தேன், அந்த ஈரத்துக்கு அது காணாது, 300 டிகிரிக்கு மேல ஓவன் அடுப்புல சுட்டுதான் எடுக்கணும். எல்லாம் தெரிஞ்சும் நான் முடியாதுன்னு சொல்லல. அந்த மாசம் ஒனக்கு டியூசன் காசு கட்டணும், வேலைய விட்டு நிப்பாட்டுவாங்களோன்னு பயம். ஒரு ரன் போட்டேன், பளபளன்னு அழகா வந்துச்சு.

மூணாவது தடவை தூக்குறப்ப காது விட்டுச்சு. லேடல் ஒரு பக்கமா சாஞ்சு இரும்பு தரைல கொட்டுச்சு, தரை மழைல நனைஞ்சிருந்துச்சு. தண்ணி ஆவியானா 1,700 மடங்கு விரியும்னு நீ பாடத்துல படிச்சிருப்ப, நான் அத அன்னைக்கு கண்ணால பாத்தேன், வெடி வச்ச மாதிரி. கூட நின்ன பையனுக்கு சப்பாத்துக்குள்ள இரும்பு போயிடுச்சு. 20 வயசு. லேஸ் கட்டுன சப்பாத்து, அவுக்க முடியல, நான்தான் கத்திய வச்சு அறுத்தேன். ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தான், இப்பவும் நொண்டித்தான் நடக்குறான். ரிப்போட்ல வெல்டிங் பிழைன்னு எழுதுனாங்க. அது பொய்யில்ல, நான் போட்ட வெல்டிங்தானே. ஆனா மணிக்கூட்ட பாத்தத பத்தி அதுல ஒரு வரி இல்ல. தீபாவளிக்கு தீபாவளி நான் அவன் வீட்டுக்கு போறது எதுக்குன்னு நீ சின்னதுல கேப்பியே, இதுக்குத்தான்.

இப்ப நீ அந்த மணிக்கூட்டுகிட்ட நிக்க போற. அதான் எனக்கு தூக்கம் வரல. ஒன் கையெழுத்து இல்லாம லேடல் தூக்க ஏலாதுன்னா அந்த கையெழுத்த போடுறதுக்கு முன்ன நீயே போய் நகத்தால இழுத்து பாரு. வெல்டர் "செஞ்சிடலாம் மிஸ்"னு சொல்லிட்டு ஒன் முகத்த பாக்காம கீழ பாத்தான்னா அவனுக்கு மனசு ஒப்பலன்னு அர்த்தம், தனியா கூப்புட்டு கேளு. முடியாதுன்னு சொல்ற தைரியம் எல்லாருக்கும் வராது, வீட்டுல பிள்ளைங்க இருப்பாங்க, அவன் சொல்ல முடியாதத நீ சொல்லு, ஒன் பேச்சு மேல எடுபடும். அங்க நெறைய பேர் சிங்கள ஆளுங்கதான் இருப்பாங்க, ஒன்ன விட வயசு கூடுன வெல்டர "பாஸ் உன்னஹே"ன்னு மரியாதையா கூப்புடு, நீ மிஸ்ஸா இருந்தாலும்.

ஒடம்ப பாத்துக்க. மணல் தூசி கூட்டுறப்ப தண்ணி தெளிச்சு கூட்ட சொல்லு, மாஸ்க் கழட்டாத. கல்வனைஸ் தகடு ஒட்டுற எடத்துல பொகைக்குள்ள நிக்காத, ராவைக்கு குளிர் காய்ச்சல் வரும், பால் குடிச்சா போயிடும்னு சொல்லுவாங்க, அத நம்பி நிக்காத. ஆர்க் வெளிச்சத்த வெறுங்கண்ணால பாத்தா அப்ப ஒண்ணும் தெரியாது, நடுராத்திரிதான் கண்ணுல மணல் அள்ளி போட்ட மாதிரி இருக்கும். நைலோன், பொலியெஸ்டர் உடுப்பு போடாத, பருத்தி மட்டும்தான். களிசான சப்பாத்துக்குள்ள சொருகாத, வெளியதான் விழணும்.

கம்பெனில லேஸ் வச்ச சேப்டி சூஸ்தான் குடுப்பாங்கன்னு நீ சொன்ன. அத ஆபீஸ்ல போடு. அடுப்புப் பக்கம் போறப்ப லேஸ் இல்லாத பூட்ஸ்தான், ஒரு உதறுல கழண்டு விழுறது. நான் இந்த கிழமை கண்டிக்கு போய் வாங்கி பஸ்ல குடுத்து விடுறேன், உள்ள தடிச்ச கால் மேஸ் போடணும், அதனால ஒரு சைஸ் கூட எடுக்கணும். ஒனக்கு 5 ஆ 6 ஆன்னு அம்மாவுக்கும் எனக்கும் சண்டை, இன்னைக்கே போன் பண்ணி சொல்லு.

அப்பா