புகை இல்லாத நாளிலும்

ஐயா,

ஆடி மேல்காற்று எழும்போது ராமையன்பட்டி குப்பைக்கிடங்கில் தீப்பிடித்தால், தச்சநல்லூரில் காயப்போட்ட துணியை மறுபடியும் துவைக்க வேண்டியிருக்கிறது. தீ அணைந்ததும் பேச்சும் அணைந்துவிடுகிறது. ஆனால் புகை இல்லாத நாளிலும் அந்த மேடு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காற்றுப் புகாமல் அழுகும் குப்பை வெளிவிடும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது, எளிதில் தீப்பற்றுவதும்கூட. வாயுவைச் சேகரிக்கும் அமைப்பு வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. புதிய கிடங்குகளுக்கு மட்டும் கண்டிப்புக் காட்டி என்ன பயன்? பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து அகற்றி முடிக்கும் வரையாவது, மாநகராட்சி மீத்தேன் அளவை மாதந்தோறும் அளந்து கிடங்கு வாசலில் எழுதிப் போடட்டும்.

- ஒரு வாசகர், தச்சநல்லூர், திருநெல்வேலி